கோப்புக்கும் ஒரு பெயர் வரலாறு

பெயர் மாறுவது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு வெள்ளைக்காரர் வாயில் சிங்கிள்புட் ஆச்சு. கடற்கரையில் மாமல்லபுரம் மகாபலிபுரமாகி, 1984-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அந்தப் பெயரிலேயே ஏறியது. இந்த ஊர்ப்பெயர்கள் கம்ப்யூட்டருக்குள் பட்ட பாட்டை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டாஸ் காலத்தில் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்துதான். ஆங்கிலத்தில் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் பன்னிரண்டு எழுத்து வேண்டும். எங்கே நுழையும்? 1995-இல் வந்த விண்டோஸ் 95 நீண்ட பெயருக்கு இடம் தந்தது. ஆனாலும் பழைய மென்பொருள்களுக்காக முதல் ஆறு எழுத்தை வைத்துக்கொண்டு, வாலில் ஓர் அலைக்கோடும் 1 என்ற எண்ணும் ஒட்டிவிடும். செங்கல்பட்டு 'செங்க'வோடு நின்னு போச்சு!

தமிழிலேயே பெயர் வைத்தவர்களுக்கு வேறு தொல்லை. அன்று எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. இணையத் தமிழர்களிடம் திஸ்கி புழங்கியது. திஸ்கியில் 'தமிழ்' என்று வைத்த பெயர், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் முக்கால் பின்னம், கோடு போட்ட ஆங்கில எழுத்து, அமெரிக்க சென்ட் குறி என்று நிற்கும். என்னடா இது, வைரஸா என்று அழித்துவிடத் தோன்றும். உள்ளே கட்டுரை பத்திரமாக இருக்கும்!

மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தில் கிரந்த எழுத்தில் வெட்டிய பல்லவர் பட்டப்பெயர்களை, அந்த எழுத்தைக் கற்றவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கல்லில் எழுத்தின் வடிவமே இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருப்பதோ வெறும் எண். எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை தொலைந்தால் பெயரும் தொலைந்தது.

1991-இல் யூனிகோடு தமிழுக்கு நிலையான எண்களைத் தந்தது. 2010-இல் தமிழக அரசும் அதைத் தரமாக ஏற்றது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 'கொ' என்பதில் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், தனித்தனியாகவும் பதியலாம். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் விண்டோஸில் ஒரே அடைவில் 'கொடி' என்று இரண்டு கோப்புகள் இருக்க முடியும்.

தம்பி தங்கைகளே! பழைய மலர்களும் மன்றக் கட்டுரைகளும் நம்மவர் வீட்டுப் பீரோக்களில், பிளாப்பியிலும் சிடியிலும் தூங்கிக்கொண்டிருக்கலாம். கிடைத்தால் முதலில் நகல் எடுங்கள். பிறகு யூனிகோடில் பெயர் மாற்றுங்கள். தேதி போடும்போது சாய்கோடு வேண்டாம். கம்ப்யூட்டர் அதை அடைவுப் பிரிப்பாக எடுத்துக்கொள்ளும். சிறுகோடு போதும்.

முக்கியமாக, பழைய பெயரையும் எழுத்துருவின் பெயரையும் ஒரு பட்டியலில் குறித்து வையுங்கள். உள்ளே இருப்பதைப் படிக்க அதுதான் சாவி. ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தால் பத்திரம் எழுதுகிறவர்கள் 'என்கிற' போட்டு இரண்டையும் எழுதுவார்களே, அந்த வழக்கம் கோப்புக்கும் நல்லதுதான்.