ஒளி உள்ளே போகும்... ஒலி வெளியே வரும்! ரத்தக் குழாயைப் படம் பிடிக்கும் புது ஸ்கேன் கருமையான தோலிலும் சரியாக வேலை செய்யுமா?

இருட்டு அறையில் செல்போன் டார்ச்சை ஆன் செய்து, அதன் மேல் விரலை வைத்துப் பாருங்கள். விரல் செக்கச் செவேலென்று ஒளிரும். ஒளி சதைக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனா உள்ளே இருக்கும் எலும்பும் தெரியாது, ரத்தக் குழாயும் தெரியாது. வெறும் சிவப்பு மூட்டம்தான்.

அந்த மூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ரத்தக் குழாய்களை ஊசி போடாமல், சாயம் செலுத்தாமல், எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லாமல் படம் பிடிக்கும் தொழில்நுட்பம்தான் போட்டோஅகௌஸ்டிக் இமேஜிங். ஒளியைச் செலுத்தி ஒலியைக் கேட்கும் ஸ்கேன் என்று எளிமையாகச் சொல்லலாம்.

இது எப்படி வேலை செய்கிறது? எந்த நோய்களுக்கு உதவும்? நம்மைப் போல மாநிறமோ கருமையோ உள்ள தோலில் என்ன சிக்கல் வருகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒளியை மட்டும் வைத்து ஏன் படம் பிடிக்க முடியாது?

மார்கழி பனிமூட்டத்தில் பஸ்ஸின் ஹெட்லைட் எப்படித் தெரியும்? வெளிச்சம் இருப்பது தெரியும், ஆனா எதிரில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது. உடலுக்குள் போகும் ஒளிக்கும் அதே கதிதான். செல்களிலும் நார்களிலும் மோதி மோதி திசை மாறிவிடும். சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழம் வரைதான் ஒளி ஓரளவு நேராகப் போகும். அதைத் தாண்டினால் சிதறல்தான்.

ஒலிக்கு இந்தப் பிரச்னை மிகவும் குறைவு. மனித உடலில் ஒளி சிதறுவதோடு ஒப்பிட்டால், அல்ட்ராசவுண்ட் அலைகள் நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சிதறுகின்றன. வயிற்றில் இருக்கும் குழந்தையைக்கூட ஸ்கேனில் பார்க்க முடிவது அதனால்தான்.

அப்போ அல்ட்ராசவுண்டே போதுமே? போதாது. ஒலிக்கு நிறம் தெரியாது. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் எது, ஆக்சிஜன் தீர்ந்த ரத்தம் எது என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. டாப்ளர் ஸ்கேன் ரத்தம் ஓடுவதைக் காட்டும், ஆனா மயிரிழையை விட மெல்லிய குழாய்கள் என்றால் அதுவும் திணறும்.

ஒளிக்கு நிறம் தெரியும், இடம் தெரியாது. ஒலிக்கு இடம் தெரியும், நிறம் தெரியாது. இரண்டையும் ஒரே வேலையில் சேர்த்தால்?

மின்னலும் இடியும்தான் சூத்திரம்

மின்னல் வெட்டியதும் இடி இடிப்பது ஏன்? மின்னல் பாயும் பாதையில் காற்று நொடிப்பொழுதில் சூடாகி விரிகிறது. அந்தத் திடீர் விரிவுதான் சத்தமாக வருகிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி, அது எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்றும் கணக்குப் போடலாம்.

இந்த ஸ்கேன் செய்வதும் அதேதான், மிகச் சிறிய அளவில்:

• ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால், அதில் சில பங்கு நேரம் மட்டுமே நீடிக்கும் லேசர் துடிப்பு தோல் மீது பாய்ச்சப்படும்.

• உள்ளே சிதறிப் போகும் ஒளியை, ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்ளும்.

• அந்த இடம் கொஞ்சம் சூடாகும். எவ்வளவு? ஒரு டிகிரி செல்சியஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். உங்களுக்கு எதுவும் தெரியாது.

• அந்தத் துளி சூட்டிலேயே ரத்தக் குழாய் நுண்ணிய அளவில் விரிந்து, ஒரு அல்ட்ராசவுண்ட் அலையை வெளியே அனுப்பும்.

• தோல் மேல் வைத்திருக்கும் சென்சார்கள் அந்த அலையைப் பிடிக்கும். சதைக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். எந்த சென்சாருக்கு எப்போது வந்தது என்பதை வைத்து, சத்தம் கிளம்பிய இடத்தை கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும்.

ஒளி போகும்போது சிதறினாலும் பரவாயில்லை. திரும்பி வருவது ஒலி என்பதால், எங்கிருந்து வருகிறது என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். மொத்த தந்திரமும் இதில்தான் இருக்கிறது.

கண்டுபிடித்தது யார்?

டெலிபோனுக்குப் பேர்போன அலெக்சாண்டர் கிரஹாம் பெல்தான். ஒளிக்கற்றை வழியாகக் குரலை அனுப்பும் 'போட்டோபோன்' ஆய்வில் இருந்தபோது, 1880-ல் இந்த விளைவைக் கவனித்தார். சூரிய ஒளியை விட்டு விட்டு வேகமாகப் பாய்ச்சினால், மெல்லிய தகடுகளில் இருந்து சத்தம் வந்தது.

ஆனா மருத்துவத்துக்கு வர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. நல்ல லேசரும், நுட்பமான சென்சாரும், வேகமான கம்ப்யூட்டரும் வர வேண்டியிருந்தது. 1990-களில் உடல் திசுக்களில் முயற்சிகள் தொடங்கின. 2003-ல் லிஹாங் வாங் தலைமையிலான குழு, தோலையும் மண்டை ஓட்டையும் திறக்காமலே எலியின் மூளை ரத்தக் குழாய்களைப் படம் பிடித்தது. எலியின் மீசையைத் தூண்டியபோது மூளையில் எந்த இடத்தில் ரத்தம் கூடுகிறது என்பதுகூட அந்தப் படத்தில் தெரிந்தது.

எந்த நோய்களுக்கு உதவும்?

மார்பகப் புற்றுநோய்: புற்றுக்கட்டி வளர ரத்தம் வேண்டும். அதனால் தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களை அது தாறுமாறாக வளர்த்துக்கொள்ளும், ஆக்சிஜனையும் வேகமாகத் தீர்த்துவிடும். இந்த இரண்டையும் காட்டிக்கொடுப்பதுதான் இந்த ஸ்கேனின் பலம். 2018-ல் கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் லிஹாங் வாங் குழுவினர், ஒரு தடவை மூச்சைப் பிடித்திருக்கும் 15 விநாடிகளில் மார்பகம் முழுவதையும் ஸ்கேன் செய்து காட்டினார்கள். 4 சென்டிமீட்டர் ஆழம் வரை தெரிந்தது. அந்தச் சிறிய ஆய்வில் 9 கட்டிகளில் 8 பிடிபட்டன. டெக்சாஸைச் சேர்ந்த சீனோ மெடிக்கல் நிறுவனத்தின் 'இமேஜியோ' கருவிக்கு 2021 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி அளித்தது. சந்தேகத்துக்குரிய கட்டி சாதாரணமானதா, ஆபத்தானதா என்று முடிவெடுக்க டாக்டருக்கு உதவுவதுதான் அதன் வேலை.

குடல் அழற்சி: 'க்ரோன்ஸ்' என்ற நாள்பட்ட குடல் நோயில், அழற்சி கூடும்போது குடல் சுவருக்கு ரத்தம் அதிகம் பாயும். வயிற்றின் மேலிருந்தே இதை அளந்து, நோய் தீவிரமாக இருக்கிறதா, அடங்கியிருக்கிறதா என்று பிரிக்க முடியும் என்று ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினர்.

சர்க்கரை நோய்: கால் புண் ஆறாமல் போவதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று, பாதத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாவது. பெரிய குழாய்களில் அடைப்பைக் காண வழி இருக்கிறது. நுண்குழாய்களைப் பார்ப்பதுதான் கஷ்டம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பு நிமிடக்கணக்கில் எடுத்த முப்பரிமாணப் படங்கள் சில விநாடிகளில் கிடைத்தன. சோதிக்கப்பட்டவர்களில் டைப்-2 சர்க்கரை நோயாளிகளும் உண்டு. 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயுடன் வாழும் இந்தியாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஓசிடி ஸ்கேனும் இதுதானா?

இல்லை, அது வேறு. ஓசிடி முழுக்க முழுக்க ஒளியால் எடுக்கப்படும் ஸ்கேன். 1991-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. கண்மணி வழியாக ஒளி தடையில்லாமல் போவதால், விழித்திரையை அடுக்கடுக்காக, மிக நுணுக்கமாகக் காட்டும். சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோப்பதை இன்று இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஆனா தோல், சதை போன்ற இடங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தோடு அதன் வேலை முடிந்துவிடும். அதற்குக் கீழே போகத்தான் ஒலியின் துணை தேவைப்படுகிறது.

சரி, நம்ம தோலுக்கு சரியா வருமா?

இங்கேதான் உண்மையான கேள்வி இருக்கிறது. ஒளியை உறிஞ்சுவது ஹீமோகுளோபின் மட்டும் இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் உறிஞ்சும். கருமையான தோலில் மெலனின் அதிகம். அதனால் மூன்று சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, மேல் தோலிலேயே ஒளியின் ஒரு பகுதி தீர்ந்துவிடுவதால் ஆழத்துக்குக் குறைவாகத்தான் போகும். இரண்டாவது, மெலனினே பெரிதாக 'சத்தம்' போடும். அது உள்ளே எதிரொலித்து, படத்தில் இல்லாத கோடுகளை உண்டாக்கும். மூன்றாவது, மெலனின் எல்லா நிறத்தையும் சமமாக உறிஞ்சாது. ஆக்சிஜன் அளவோ, வெவ்வேறு நிற ஒளிக்கு ரத்தம் தரும் பதிலை ஒப்பிட்டுத்தான் கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கு பிசகலாம்.

இது வெறும் யூகமா? இல்லை. இதே மாதிரி ஒரு பிசகு ஏற்கனவே நடந்திருக்கிறது. கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கு வந்த பல்ஸ் ஆக்சிமீட்டரும் சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் வைத்துத்தான் ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. ஜப்பானின் தகுவோ அயோயாகி 1970-களில் உருவாக்கிய முறை அது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய கருவி. ஆனா 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு பலரையும் உலுக்கியது.

ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தை நேரடியாகப் பரிசோதித்தால் உண்மையில் 88-க்கும் கீழே இருந்த அளவீடுகள் எத்தனை? வெள்ளையின நோயாளிகளில் 3.6 சதவீதம். கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். அதாவது, கருவி 'பரவாயில்லை' என்று சொல்லும்போது, உள்ளே ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு அதிகம். ஆக்சிமீட்டர்களைப் பல தோல் நிறங்களில் சோதிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் எஃப்டிஏ புதிய வரைவு நெறிமுறைகளை வெளியிட்டது. கருவி புழக்கத்துக்கு வந்து பல பத்தாண்டுகள் கழித்து!

ஒளி-ஒலி ஸ்கேனில் அந்தத் தாமதம் வரக் கூடாது என்று ஆய்வாளர்கள் இப்போதே வேலை செய்கிறார்கள். மெலனினின் பொய்ச் சத்தத்தை வடிகட்டும் கணக்கீட்டு முறைகளை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு சோதித்திருக்கிறது. மெலனின் குறைவாக உறிஞ்சும் அகச்சிவப்பு ஒளியைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. வழிகள் இருக்கின்றன. ஆனா கருமையான தோலில் சோதித்துப் பார்த்தால்தான் எது பலிக்கும் என்று தெரியும்.

வேறு என்ன எல்லைகள்?

• சில சென்டிமீட்டர் ஆழம்தான். வயிற்றின் அடி ஆழத்தில் இருக்கும் உறுப்புகளுக்கு சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்களே கைகொடுக்கும்.

• காற்றும் எலும்பும் ஒலிக்கு எதிரி. நுரையீரலைப் பார்க்க முடியாது. பெரியவர்களின் தடித்த மண்டை ஓடு ஒலியைக் கலைத்துவிடும்.

• லேசர் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். தோலில் படும் ஒளியின் அளவுக்கும் வரம்பு உண்டு.

• பெரும்பாலான பயன்பாடுகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. மேமோகிராம், ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னால், 'புது ஸ்கேன் வரட்டும்' என்று தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

விரலில் நெயில் பாலிஷ், மருதாணி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிய பிறகு அளவிடுங்கள். ஒரு தடவை காட்டும் எண்ணை விட, அது நேரத்துக்கு நேரம் இறங்குகிறதா என்பது முக்கியம். மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்வது, குழப்பமான பேச்சு இதில் எது இருந்தாலும், கருவி 95 காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

ஒளி-ஒலி ஸ்கேனும் ஒருநாள் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு வரலாம். அப்போது 'படம் எவ்வளவு தெளிவு?' என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: 'இதை யாருடைய தோலில் சோதித்துப் பார்த்தீர்கள்?'