காடு திரும்பும் காலம்

கடமலைக்குண்டு வழியே செல்லும்போதெல்லாம் மூல வைகையின் மணற்படுகையைச் சற்று நின்று நோக்குவது என் வழக்கம். வருசநாட்டு மலைகளில் பிறக்கும் இந்நீர்தான், 1959-இல் திறக்கப்பெற்ற வைகை அணையை அடைகிறது. அம்மலைகளிலே காட்டின் பல பகுதிகள் அழிந்து, இலவந்தோப்புகளாகவும் விளைநிலங்களாகவும் மாறின. வேர்ப்பிடிப்பு இழந்த சரிவில் மழைநீர் தங்குவதில்லை. மண்ணை வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. 2021-இல் இப்பகுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. இனி, இழந்த காடு எத்தனை ஆண்டுகளில் மீளும்?

நூறாண்டு காத்திருந்து பார்ப்பவர் எவர்? ஆகவே, கைவிடப்பட்டு 5, 20, 50 ஆண்டுகளான நிலங்களை ஒரே காலத்தில் அளந்து, பக்கத்து முதுகாட்டோடு ஒப்பிடுகிறார்கள். எல்லா வகுப்பு மாணவரின் உயரத்தையும் ஒரே நாளில் அளந்து, பிள்ளைகளின் வளர்ச்சியை அறிவது போன்றது இது.

அமெரிக்கக் கண்டத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வெப்பமண்டலக் காடுகளை இவ்வாறு ஆராய்ந்து, 2021-இல் வெளியிட்ட முடிவு வியப்பளிக்கிறது. விடை ஒன்றன்று! மண்வளம் 10 ஆண்டுகளுக்குள் மீளக்கூடும். மரவகைகளின் எண்ணிக்கைக்கு 60 ஆண்டுகள் வரை ஆகலாம். பழைய மரங்களே பழைய விகிதத்தில் திரும்ப 120 ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவும் அருகில் விதை தரும் காடு இருந்தால்தான். அடிக்கடி தீயும் மேய்ச்சலும் நேரும் வறண்ட சரிவுகளில் இன்னும் தாமதமாகும்.

2021-இல் தரிசாக விட்ட நிலம் முழுக்காடாவதற்குள் 2141-உம் கடந்துவிடும். ஆதலால், பசுமையைக் கண்டவுடன் காடு வந்துவிட்டதென்று மயங்காதீர்கள்; எஞ்சி நிற்கும் முதுகாட்டை முதலில் காப்போம். அதிலிருந்துதான் விதை வரவேண்டும்.