உள்ளங்கையில் ஒரு போர்விமானம்

போர் முடிந்தபின் படைக்கலங்களில் பல உலைக்களத்திற்குச் செல்கின்றன. சில அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. மிகச் சில, சிறுவர் கைகளில் சிற்றுருவாக மறுபிறவி எடுக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் வானைக் காத்த ஸ்பிட்ஃபயர் விமானம் இம்மூன்றையும் கண்டது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி அதன் மாதிரியை உருவாக்கும் கலை இன்று பொழுதுபோக்காக மட்டுமே எண்ணப்படுகிறது. அதன் வரலாறோ விளையாட்டில் தொடங்கி, போரினூடே நடந்து, மீண்டும் விளையாட்டை அடைந்த ஒன்றாகும்.

பிழை வளர்த்த தேவை

விமானங்களை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கும் அளவு, 1932இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஸ்கைபேர்ட்ஸ்’ மரமாதிரிகளால் பரவியது. இவ்வளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆவான். 1936இல் ‘ஃபிராக் பெங்குவின்’ வரிசை, அதே அளவில் பிளாஸ்டிக் மாதிரிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

போர் மூண்டதும் இச்சிற்றுருவங்களுக்கு வேறு பணி வந்தது. போர் அறிவிக்கப்பட்டு மூன்றே நாள் கழிந்த 1939 செப்டம்பர் 6 அன்று, பிரித்தானிய ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தம் நாட்டின் ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைப் பகைவருடையவை என மயங்கிச் சுட்டு வீழ்த்தின. ஹல்டன் ஹாரப் என்னும் விமானி உயிரிழந்தார். ‘பார்க்கிங் கிரீக் சண்டை’ எனப் பின்னாளில் கசப்புடன் குறிக்கப்பட்ட நிகழ்ச்சி இது. வானில் தோன்றும் நிழலைக் கண்டு, தமதா பிறரதா என நொடிப்பொழுதில் தெளியும் கண் எவ்வளவு இன்றியமையாதது என்பதை அது உணர்த்தியது.

அக்கண்ணைப் பழக்க மாதிரிகள் தேவைப்பட்டன. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மரமாதிரிகளைச் செய்துதரக் கேட்டது. அவை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவின. கறுப்பு வண்ணம் பூசப்பட்டவை. 35 அடித் தொலைவில் வைத்த மாதிரி, ஏறக்குறைய அரை மைல் தொலைவில் பறக்கும் விமானம் போலத் தோன்றும். பின்னர் பிளாஸ்டிக் மாதிரிகளும் இப்பணிக்கு வார்க்கப்பட்டன. விளையாட்டுப் பொருள் உயிர்காக்கும் பாடமாயிற்று.

பையில் அடைத்த விமானம்

‘ஏர்ஃபிக்ஸ்’ நிறுவனத்தை 1939இல் தோற்றுவித்த நிக்கலஸ் கோவ், ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்து வந்து குடியேறியவர். காற்றடைத்த ரப்பர் பொம்மைகளில் தொடங்கிய அவர் நிறுவனம், போருக்குப்பின் பிளாஸ்டிக் சீப்புகளைச் செய்து விற்றது. 1949இல் ஃபெர்குசன் டிராக்டரின் மாதிரியையும், 1952இல் டிரேக்கின் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலின் மாதிரியையும் வெளியிட்டது. பின்னது வுல்வொர்த் கடைகளில், பெட்டியின்றிப் பையில் அடைத்து இரண்டு ஷில்லிங்கிற்கு விற்கப்பட்டது. அவ்வழியிலேயே 1950களில் அதன் ஸ்பிட்ஃபயரும் வந்தது. நகரங்கள் குண்டுவீச்சின் வடுக்களை இன்னும் சுமந்திருந்த காலம் அது. தந்தையர் அண்ணாந்து பார்த்த விமானத்தை மக்கள் மேசைமேல் பொருத்தினர்.

சுருங்குவதும் சுருங்காததும்

முழு விமானத்தின் இறக்கை அகலம் 36 அடி 10 அங்குலம். மாதிரியில் அது சுமார் 15.6 சென்டிமீட்டர். ஆனால், எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. இறக்கையின் பின்விளிம்பு அரை மில்லிமீட்டர் தடிப்பாக வார்க்கப்பட்டிருந்தால், முழு அளவில் அது 36 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆதலின் தேர்ந்த கைவினைஞர் அதனை உட்புறமாக உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்குவர்.

பணி உள்ளிருந்து தொடங்குகிறது. விமானி அறைக்கு முதலில் வண்ணம் தீட்டி, இருக்கையைப் பொருத்தியபின்னரே உடலின் இரு பாதிகளும் மூடப்படும். மூடியபின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. எனினும் கைவினைஞர் அதனை விடுவதில்லை. பிளாஸ்டிக் பசை இரு விளிம்புகளையும் சற்றே உருக்கி ஒன்றாக்கும். மிகுந்தால் வடிவம் கெடும். கண்ணாடிக் கூண்டில் பட்டால் அது மங்கிவிடும். மேற்புறத்தில் பழுப்பும் பச்சையும் பூசியபின், அடையாள எழுத்துகள் அச்சிட்ட மெல்லிய படங்கள் நீரில் நனைத்து ஒட்டப்படும்.

நீள்வட்ட இறக்கையைக் கொண்ட இவ்விமானத்தின் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். ஜே. மிட்செல். முதல் ஸ்பிட்ஃபயர் 1936 மார்ச் 5 அன்று பறந்தது. 1937 ஜூனில், 42ஆம் வயதில், அவர் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் கட்டப்பட்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களுள் ஒன்றையேனும் அவர் போரில் காணவில்லை.

AZ என்னும் ஈரெழுத்து

மாதிரியின் பக்கத்தில் ‘ஏ இஸட்’ என்னும் ஈரெழுத்தை ஒட்டினால், அது 234ஆம் படையணியின் விமானமாகும். அப்படையணிக்குச் ‘சென்னை மாகாணம்’ என்னும் பெயர் உண்டு. போர்நிதிக் கொடையின் பொருட்டு 79, 234, 264 ஆகிய மூன்று படையணிகள் இப்பெயரைத் தாங்கின. ஐயாயிரம் பவுன் ஒரு ஸ்பிட்ஃபயரின் விலையாகக் குறிக்கப்பட்டு, பேரரசெங்கும் நிதி திரட்டப்பட்ட காலம் அது.

கொடைக்குப் பின்னால் மற்றொரு செய்தியும் உண்டு. 1939 செப்டம்பர் 3 அன்று இந்தியத் தலைவர்களைக் கலவாமலே வைசிராய் லின்லித்கோ இந்நாட்டைப் போரில் ஈடுபடுத்தினார். அவ்வாண்டு அக்டோபரில் சென்னையின் இராஜாஜி அமைச்சரவை பதவி விலகிற்று. கருத்துக் கேட்கப்படாத மக்களின் பெயர், அவர்கள் பாராத வானில் பறந்த படையணிக்குச் சூட்டப்பட்டது. பாசிசத்தை எதிர்த்த போர் என்பதும் மெய். அடிமை நாட்டின் பெயரால் நடந்தது என்பதும் மெய். ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

அப்படையணியில் பறந்தவர் ஆஸ்திரேலியரான பாட் ஹியூஸ். 1940 ஆகஸ்ட் முதல் நாள் மணந்தார். செப்டம்பர் 7 அன்று வான்போரில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 22.

மாதிரியின் இருக்கையில் அமர்த்தப்படும் விமானி உருவம் விரல்நகத்தினும் சற்றே பெரிது. அதற்கு முகம் இல்லை. ஹியூஸின் முகத்தையும், பெயரைத் தந்த மாகாணத்து மக்களின் முகங்களையும் எந்த வார்ப்பும் தருவதில்லை. துண்டுகளைப் பொருத்துவது கையின் வேலை. முகங்களைப் பொருத்துவது நினைவின் வேலை. அதற்கு வரலாறு வேண்டும்.