பொறுப்பில் இருப்போரின் தியானம்: புதுக்கோட்டை மரபு

ஒரு நாட்டையோ நிறுவனத்தையோ கடையையோ நடத்துகிறவர், அந்த வேலையை விட்டு விலகாமலே நாள்தோறும் சிறிது நேரம் மூச்சிலோ மந்திரத்திலோ உடல் உணர்ச்சியிலோ மனத்தை நிறுத்திப் பழகுவதே பொறுப்பில் இருப்போரின் தியானம். பெருநிறுவனங்கள் இன்று இதை ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற பெயரில் பயிற்சி வகுப்பாக நடத்துகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் இதற்கு நெருக்கமான ஒரு மரபு 18ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருக்கிறது. காட்டில் திரிந்த மௌனத் துறவி ஒருவரும், போர்களுக்கு நடுவே ஆட்சி செய்த அரசர் ஒருவரும் அதன் இரு முனைகள்.

அரசர் விஜயரகுநாதராயத் தொண்டைமான். 1730 முதல் 1769 வரை புதுக்கோட்டையை ஆண்டவர். அவர் அரியணை ஏறிய காலம் அமைதியானதல்ல. 1730களில் தஞ்சை மராத்தியப் படைத்தலைவர் ஆனந்தராவ் படையெடுத்து வந்தபோது, தொண்டைமான் திருமயம் கோட்டைக்குள் ஒதுங்கி நின்று தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. பின்னர் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிக்கொண்டபோது, 1751-52இல் திருச்சிராப்பள்ளி முற்றுகையில் சிக்கியது. அப்போது முகமது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் தானியமும் ஆட்களும் அனுப்பியவர் இதே தொண்டைமான்தான். தவறான பக்கம் சாய்ந்திருந்தால் சமஸ்தானமே இருந்திருக்காது. ஒவ்வொரு முடிவும் அவ்வளவு கனமாக இருந்த ஆட்சி அது.

துறவி சதாசிவ பிரம்மேந்திரர். கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூரில் படித்தவர், பரமசிவேந்திர சரஸ்வதியின் மாணவர். வாதத்தில் எவரையும் மடக்கிவிடும் கூர்மை அவருக்கு இருந்ததாம். ‘உன் நாவை அடக்க எப்போது கற்பாய்’ என்ற பொருளில் குரு கேட்க, அன்றே பேச்சை விட்டார் என்கிறது மரபு. அவர் வெறும் சஞ்சாரி அல்லர். பதஞ்சலியின் யோக சூத்திரங்களுக்கு ‘யோக சுதாகரம்’ என்ற உரை எழுதியவர். மனம் எப்படி அலைகிறது, எப்படித் திரும்புகிறது என்பதை நூலாகவும் அறிந்து, வாழ்ந்தும் பார்த்தவர்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். அங்கிருந்த காட்டில் இருவரும் சந்தித்தார்கள். சமஸ்தான வரலாறுகள் அந்த ஆண்டை 1738 என்று குறிக்கின்றன. அரசர் உபதேசம் கேட்டார். மௌனத்தில் இருந்த துறவி வாய் திறக்காமல், தட்சிணாமூர்த்தி மந்திரத்தை மணலில் விரலால் எழுதிக் காட்டினார். தட்சிணாமூர்த்தி மௌனத்தாலேயே போதிக்கும் குரு வடிவம். எழுதிக் காட்டியவரும் மௌனி. அரசர் அந்த மணலை மேலாடையில் அள்ளி முடிந்துகொண்டு அரண்மனைக்குக் கொண்டுபோனார். அங்கே அது பூசையில் வைக்கப்பட்டு, தலைமுறைகளாக அரச குடும்பத்தாரால் வழிபடப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் பலரும் கண்டுகொள்ளாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. சதாசிவர் அரசரைத் துறவுக்கு அழைக்கவில்லை. தம்மோடு காட்டில் இருக்கச் சொல்லவும் இல்லை. ஆட்சியிலும் அறத்திலும் எழும் ஐயங்களைக் கேட்டுக்கொள்ள, திருச்சிக்கு அருகிலுள்ள பிட்சாண்டார்கோயிலில் இருந்த கோபாலகிருஷ்ண சாஸ்திரி என்ற அறிஞரிடம் போகச் சொன்னார். அரசர் அவரை வரவழைத்துக் குருவாக ஏற்று, நிலங்களும் அளித்தார். ஆக, அந்த ஏற்பாட்டில் இரண்டு இருந்தன: அரண்மனைக்குள்ளேயே நாள்தோறும் உட்காருவதற்கு ஓர் இடம், கேட்டால் தயங்காமல் பதில் சொல்ல ஓர் ஆள். இன்றைய நிர்வாகப் பயிற்சிகள் முதலாவதைத் தருகின்றன. இரண்டாவதை விட்டுவிடுகின்றன. அது பெரிய குறை.

தொண்டைமான்கள் தங்களைத் திருக்கோகர்ணத்து அம்மனின் அடியவராக, ‘பிரகதாம்பாள் தாசர்’ என்று சொல்லிக்கொண்டார்கள். நவராத்திரி நாட்களில் அரிசியோடு அம்மன் காசும் வழங்கும் வழக்கம் சதாசிவரின் அறிவுரையால் வந்தது என்பது உள்ளூர் மரபு. ஒருபுறம் அம்மன் உருவமும் மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்தும் கொண்ட அந்தச் சிறு செப்புக்காசு, சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணையும் காலம் வரை புதுக்கோட்டையின் அடையாளமாக இருந்தது. தியானம் அரசரின் சொந்த நிம்மதியோடு நின்றுவிடாமல் கொடைக்கும் நீண்டது என்று ஊர் நம்பியிருக்கிறது என்பதைத்தான் இந்த மரபு காட்டுகிறது.

இதே மண்ணில் இதற்கும் வெகு முந்தைய தடம் சித்தன்னவாசல். குன்றின் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில் சமண முனிவர்கள் படுத்தும் உட்கார்ந்தும் தவம் செய்த வழவழப்பான கற்படுக்கைகள் பதினேழு இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் ஓரத்தில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழ்ப் பிராமி எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. கீழே இருக்கும் அறிவர் கோயிலின் கருவறைக்குள் நின்று மெல்ல ஓங்கார ஒலி எழுப்பினால், சுவர்கள் அதைத் திருப்பி முழக்கும். ஆனால் அங்கே தவம் செய்தவர்கள் எல்லாவற்றையும் விட்டவர்கள். திருவரங்குளத்து வழி வேறு. எதையும் விடாத ஒருவருக்காக அமைந்த வழி அது.

அந்த வழியின் 20ஆம் நூற்றாண்டு எடுத்துக்காட்டு பர்மாவில் கிடைக்கிறது. புதுக்கோட்டைச் சீமைக்குப் பர்மா அயலூர் அல்ல. கடியாபட்டி, இராயவரம் போன்ற, நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தின் ஊர்களிலுள்ள வளவு வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண்கள் அங்கிருந்து வந்தவை. இந்த ஊர்களின் ஆட்கள் ரங்கூனிலும் மோல்மீனிலும் பெட்டியடி போட்டுக் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், ரங்கூன் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் ஊ பா கின் என்ற கணக்கர் வேலை பார்த்துவந்தார். 1937இல் அவர் சயா தெட்ஜி என்ற விவசாயியிடம் விபாசனா தியானம் கற்றார். 1948 ஜனவரி 4 அன்று, பர்மா விடுதலை பெற்ற நாளில், நாட்டின் தலைமைக் கணக்காயரானார். அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். 1952இல் ரங்கூனில் பன்னாட்டுத் தியான மையத்தைத் தொடங்கினார். ஒரே சமயத்தில் பல துறைகளுக்குத் தலைவராக இருந்துகொண்டே இதைச் செய்தார். வேலை செய்யும் இடத்துக்குள்ளேயே தியானம் செய்யும் இடம். புதுக்கோட்டை அரண்மனையில் நடந்ததும் இதுதான்.

ஊ பா கினிடம் 1955இல் வந்தவர் எஸ். என். கோயங்கா. மாண்டலேயில் 1924இல் பிறந்த மார்வாரி, இளம் வயதிலேயே பெரிய தொழிலதிபர். தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலை. தலைவலி தீருவதற்கு மட்டும் வருவதானால் வர வேண்டாம் என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டார். பத்து நாள் உட்கார்ந்து பழகிய பிறகு கோயங்காவின் வாழ்க்கையே திசை மாறியது. 1960களில் இராணுவ அரசு அவருடைய தொழில்களை நாட்டுடைமையாக்கியபோது, கிடைத்த நேரத்தைக் குருவின் அருகில் செலவிட்டார். 1969இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். தலைவலிக்கு மருந்தாகக் கேட்டவரைத் திருப்பியனுப்பப் பார்த்த ஆசிரியரின் அந்த உறுதி, இன்று உற்பத்தித் திறனைக் கூட்டும் உபாயமாகத் தியானத்தை விற்கிறவர்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது.

மேற்கில் இத்தகைய தியானப் பயிற்சி மருத்துவமனை வழியாக நுழைந்தது. 1979இல் ஜான் கபாட்-சின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பல வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். 2007இல் கூகுள் நிறுவனத்தில், சிங்கப்பூரில் பிறந்த பொறியாளர் சேட்-மெங் டான் ஊழியர்களுக்கான வகுப்பை உருவாக்கினார்.

ஆய்வுகள் சொல்வது அடக்கமானது. 2014இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு 47 சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, சேர்த்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளைவிட இது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. தொழில் நடத்துகிறவர்களுக்கு அதே ஆண்டின் இன்னோர் ஆய்வு முக்கியம். ஆண்ட்ரூ ஹாஃபன்பிராக்கும் அவருடைய கூட்டாளிகளும், பதினைந்து நிமிடம் மூச்சைக் கவனித்தவர்கள் போட்ட முதல் போயிற்றே என்பதற்காக மேலும் மேலும் முதல் போடும் தவறை அவ்வளவாகச் செய்யவில்லை என்று கண்டார்கள். வட்டிக்கடை முதல் நெல் மண்டி வரை, நொடித்துப்போன பல தொழில்களின் கதை இந்தத் தவறில்தான் தொடங்குகிறது. ஹாஃபன்பிராக் 2018இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது: தியானம் செய்த உடனே சலிப்பான வேலைகளில் ஊக்கம் குறைகிறது, வேலையின் தரம் மட்டும் குறைவதில்லை. காலைக் கூட்டத்துக்கு முன்னால் எல்லாரையும் கண் மூட வைத்தால் வேலை பறக்கும் என்று எண்ணும் முதலாளி இதையும் படிக்க வேண்டும்.

உட்காராமல் நடந்தே மனத்தை நிறுத்தும் வழி ஒன்றும் இந்தப் பக்கத்தில் உண்டு. நகரத்தார் வணிகக் குடும்பங்களில் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகிறார்கள். பழனிப் பகுதிக்கு உப்பு விற்கப் போன வணிகர்களிடமிருந்து பிறந்த வழக்கம் இது. நூல்கள் சொல்லும் தியானம் இதுவன்று. இருந்தாலும் பெரிய நிறுவனத்தை நடத்துகிறவரும் சிறு கடைக்காரரும் ஒரே வரிசையில், ஒரே வேகத்தில், வெறுங்காலோடு பல நாள் நடக்கும்போது, கணக்கிலிருந்து மனம் விடுபடுகிறது. அந்த விடுதலை உண்மையானது.

முறைப்படி உட்கார்ந்து கற்க விரும்பும் தமிழகத் தொழில்முனைவோருக்குக் கோயங்கா மரபின் மையம் ஒன்று சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் இருக்கிறது. பெயர் தம்ம சேது. வகுப்பு பத்து நாள். அதிகாலை நான்கு மணிக்கு எழ வேண்டும். பேச்சு, படிப்பு, எழுத்து எதுவும் கிடையாது, கைப்பேசியை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். முதல் மூன்று நாளுக்கு மூக்கின் வழியே போய்வரும் மூச்சு மட்டும். அதற்குப் பிறகுதான் உடல் உணர்ச்சிகளைக் கவனிப்பது. வீடு திரும்பியபின் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். கட்டணம் கிடையாது. முன்பு கற்றுத் திரும்பியவர்களின் நன்கொடையில்தான் அடுத்தவர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் நடக்கின்றன.