ஷேக்ஸ்பியர் என்னும் குடும்பப்பெயரும் அதன் வீரப்பொருளும்

ரிச்சர்டு வெர்ஸ்டெகன் என்பார் 1605ஆம் ஆண்டில் ஆன்ட்வெர்ப் நகரில் அச்சிட்டு வெளியிட்ட நூலில், ஆங்கில மக்களின் பூர்விகப் பெருமையை நிலைநாட்டும் நோக்கத்தோடு அவர்களுடைய மொழியையும் பெயர்களையும் ஆராய்ந்து செல்லுமிடத்து, ஈட்டியை அசைப்பவன் என்று பொருள்படும் ஷேக்ஸ்பியர் என்ற பெயரும், ஈட்டியை முறிப்பவன் என்று பொருள்படும் பிரேக்ஸ்பியர் என்ற பெயரும், அவற்றை முதன்முதல் தாங்கியவர்களுக்குப் போர்க்களத்தில் அவர்கள் காட்டிய பராக்கிரமம் காரணமாக இடப்பட்டவை என்று எழுதிவைத்தார். பின்வந்தோர் பலர் இவ்வபிப்பிராயத்தைப் பரிசோதியாமலே ஏற்றுக்கொண்டனர். மகாகவியின் பெயராதலின், அதற்கு ஓர் உயர்ந்த தோற்றம் இருத்தல் வேண்டும் என்ற விருப்பமும் இதற்குத் துணைநின்றது. இப்பூர்வபட்சம் பழைய ஆவணங்களின் முன் நிற்கவல்லதன்று என்பதும், பெயரின் வீரப்பொருள் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அதன்மேல் ஏற்றப்பட்டதே என்பதும் என் கருத்து.

வெர்ஸ்டெகனின் கூற்றை நிறுக்குமுன் அவர் நிலையையும் அறிதல் நலம். இவர் லண்டனில் பிறந்து ரோலண்ட்ஸ் என்ற பெயரோடு ஆக்ஸ்போர்டில் பயின்றவர். கத்தோலிக்க சமயப்பற்றின் காரணமாகத் தாய்நாட்டை விட்டு நீங்கிய பின்னர், கெல்டர்லாந்திலிருந்து வந்த தம் பாட்டனாரின் குடும்பப்பெயரைத் தாமே மீண்டும் மேற்கொண்டவர். பெயரில் வம்சத்தின் கௌரவம் உறைகின்றது என்ற நம்பிக்கை இவருக்கு நூற்கொள்கையாக மட்டுமன்றி வாழ்க்கைக் கொள்கையாகவும் இருந்தது என்பது இதனால் விளங்கும். ஆங்கிலேயரின் முன்னோரான ஜெர்மானியக் குடிகள் வீரத்திற் சிறந்தவை என்பதை ஒவ்வொரு பழஞ்சொல்லிலும் காண விழைந்த அவருக்கு, ஈட்டி என்ற உறுப்பு ஒரு பெயரில் இருந்தமையே போர்க்களத்தை நினைக்கப் போதுமானதாயிற்று. அன்னார் தம் கூற்றுக்கு ஆவணம் ஒன்றையும் காட்டவில்லை. இன்ன போரில், இன்ன அரசன் காலத்தில், இன்னான் இப்பெயர் பெற்றான் என்று சொல்லவும் இல்லை.

அதே 1605ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு நூலில் வில்லியம் காம்டன் இப்பெயரைக் குறிப்பிடும் முறை வேறாக உள்ளது. மக்கள் வழக்கமாகக் கையில் ஏந்திச் சென்ற பொருள்களால் பெற்ற பெயர்கள் என்ற தலைப்பின்கீழ் அவர் இதனை வைக்கின்றார். அங்கே இதன் பக்கத்தில், கோலை ஆட்டுபவன் என்று பொருள்படும் வாக்ஸ்டாஃப் என்ற பெயரும் இடம்பெற்றிருக்கின்றது. கோலை ஆட்டுதற்குப் போர்வீரம் வேண்டுவதில்லை. விருதுகள் வழங்கும் அரசாங்க அலுவலகத்தில் கிளாரன்ஸூ என்ற உயர்பதவியை வகித்தவரும், ஷேக்ஸ்பியர் குடும்பத்தின் விருதுச்சின்னம் குறித்து எழுந்த வழக்கில் சம்பந்தப்பட்டவருமான காம்டன், பராக்கிரமத்தைப் பற்றி இவ்விடத்தில் ஒன்றும் சொல்லாது விட்டமை கவனிக்கத்தக்கது.

இவ்வகைப் பெயர்களின் இனத்தை நோக்கினாலும் வெர்ஸ்டெகனின் கொள்கை தளர்கின்றது. ஒரு வினையும் அதன் செயப்படுபொருளும் இணைந்து ஒரு மனிதனைக் குறிக்கும் இம்முறை, 1066ஆம் ஆண்டின் நார்மன் வெற்றிக்குப் பின் பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி இங்கிலாந்தில் பெருகியது. தண்ணீர் குடிப்பவன் எனப்படும் டிரிங்க்வாட்டர், சமாதானம் செய்பவன் எனப்படும் மேக்பீஸ் முதலியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவை ஒருவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டங்களாகத் தோன்றவில்லை. அண்டை அயலார் அவனுடைய குணத்தையோ பழக்கத்தையோ கண்டு, பெரும்பாலும் பரிகாசமாக, இட்டு வழங்கியவையே பல. வெர்ஸ்டெகன் உடன்சேர்த்துக் கூறிய பிரேக்ஸ்பியர் என்ற பெயர்கூட அவருக்குத் துணைசெய்யவில்லை. அப்பெயரினராக மரபு கூறும் நிக்கலஸ், 1154 முதல் 1159 வரை நான்காம் ஏட்ரியன் என்ற பெயரோடு போப்பாண்டவர் பீடத்தில் வீற்றிருந்த ஒரே ஆங்கிலேயர். அவர் பிறந்த குடியோ செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தை அடுத்து வாழ்ந்த எளிய குடி. போர்க்களப் புகழ் எதனையும் அக்குடியைப் பற்றி எவரும் எழுதவில்லை.

இனி, நம் பெயரின் மிகப் பழைய ஆட்சியைக் காண்போம். 1248ஆம் ஆண்டில், ஸ்ட்ராட்ஃபர்டுக்குத் தொலைவிலல்லாத க்ளாப்டன் என்னும் ஊரினனான வில்லியம் ஸாக்ஸ்பர் என்பவன் கொள்ளைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டான் என்று நீதிமன்றப் பதிவு கூறுகின்றது. இவன் கவியின் முன்னோன் என்று கொள்ள ஆதாரம் யாதுமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தகைய பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் குடும்பப்பெயராக நிலைத்துவிட்டதா, ஒருவனோடு தோன்றி அவனோடு மறையும் பட்டப்பெயராகவே இருந்ததா என்பதும் நிச்சயிக்கக்கூடியதன்று. ஒரே பட்டப்பெயர் பல ஊர்களில் பல காலங்களில் தனித்தனியே தோன்றியிருத்தல் கூடும். ஆகவே இப்பெயருக்கு ஒரே மூலபுருஷனைத் தேடும் முயற்சியே பொருத்தமற்றது எனக் கருதுகின்றேன்.

வார்விக் மாவட்டத்தில் பதினைந்தாம் நூற்றாண்டளவில் இப்பெயர் பல குடும்பங்களுக்கு உரியதாகிவிட்டது. அக்காலத்தைச் சார்ந்த ஆவணங்களுள், நம் விஷயத்திற்கு இன்றியமையாததாக நான் மதிப்பது ஆக்ஸ்போர்டிலுள்ள மெர்ட்டன் கல்லூரியின் ஆண்டுப் பதிவேட்டில் காணப்படும் ஒரு சிறு குறிப்பாகும். ஸால்ட்டர் என்ற அறிஞர் 1923இல் பதிப்பித்த அவ்வேட்டில், 1487ஆம் ஆண்டுக்குரிய பகுதியில், ஹ்யூ ஸாண்டர் என்பவருக்கு ஷேக்ஸ்பியர் என்ற மறுபெயரும் உண்டென்றும், அப்பெயர் இழிவானதாக எண்ணப்பட்டமையால் மாற்றப்பட்டதென்றும் லத்தீன் மொழியில் எழுதப்பட்டிருக்கின்றது. கவி பிறந்தது 1564இல். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர், கற்றோர் நிறைந்த சபையொன்றில், இப்பெயரைத் தாங்கிய ஒருவர் அதனைக் களைந்தார் என்பதும், களைந்ததற்குக் காரணமும் ஒருங்கே பதிவுபெற்றிருப்பது பெரும்பேறு. பெயர்மாற்றம் செய்தோர் அக்காலத்தில் பலர் இருந்திருப்பர். ஏன் மாற்றினர் என்பதை எழுதிவைத்த ஏடுகள் மிக அரியவை.

இக்குறிப்பில் ஆளப்பட்டுள்ள ‘வீலே’ என்ற லத்தீன் சொல் விலைகுறைந்தது, எளிதிற் கிடைப்பது, இழிந்தது எனப் பல பொருள்களைத் தரவல்லது. ஆதலால், பெயர் எங்கும் மலிந்து பொதுவாகிவிட்டமையே மாற்றத்திற்குக் காரணம் என்று கூறுவாரும் உளர். இதனை நான் ஏற்கத் தயங்குகின்றேன். ஸாண்டர் என்பது அலெக்ஸாண்டர் என்ற பெயரின் குறுக்கம்; நாடெங்கும் பரவியிருந்த சாதாரணப் பெயர். மலிவைக் கண்டு வெறுத்து ஒரு பெயரைத் துறப்பவர், அதனினும் மலிந்த மற்றொன்றைத் தேடிக்கொள்வாரா? இழிவு பெயரின் பரவலில் அன்று, அதன் பொருளிலோ ஓசையிலோதான் இருந்திருத்தல் வேண்டும். எண்ணியவர் யார் என்பதைக் குறிப்பு சொல்லவில்லை. எண்ணப்பட்டது என்ற செயப்பாட்டு வினையால், ஹ்யூ தாமே நாணினாரா, கல்லூரியில் உடனிருந்தோர் எள்ளினரா என்பது தெளிவாகவில்லை. இரண்டில் எது மெய்யாயினும், அப்பெயரைக் கேட்ட அக்காலத்து மனிதனின் செவியில் பராக்கிரமத்தின் ஒலி எழவில்லை என்பது உறுதி.

எனினும் எதிர்ச்சான்று ஒன்றை மறைத்தல் நியாயமாகாது. நோல் என்னும் ஊரிலிருந்த புனித ஆனின் சங்கத்துப் பதிவேட்டில், ராக்ஸல் கன்னிமடத்தின் முன்னாள் தலைவியாகிய இஸபெல்லா ஷேக்ஸ்பியரின் ஆன்ம சாந்திக்காகப் பிரார்த்திக்கும் குறிப்பு 1504ஆம் ஆண்டளவில் காணப்படுகின்றது. சமயத்துறையில் மதிப்புக்குரிய பதவி வகித்த அப்பெண்மணி தம் பெயரை மாற்றிக்கொள்ள நினைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே இழிவு என்ற எண்ணம் எல்லாவிடத்தும் பரவியிருந்தது என்று கூறுதல் மிகை. கிராமப்புறத்தில் பழகிப்போன பெயர், ஆக்ஸ்போர்டில் அதன் சொற்பொருளைக் கூர்ந்து கேட்போர் நடுவே நகைப்புக்கு இடமாயிற்று என்று கொள்வதே பொருத்தம்.

அச்சொற்பொருள் கிராமத்திலும் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதற்கு வேறொரு சான்று உண்டு. கவியின் பாட்டனார் என்று பெரும்பாலோர் ஒப்பும் ரிச்சர்டு, ஸ்னிட்டர்ஃபீல்டில் ராபர்ட் ஆர்டனின் நிலத்தைக் குத்தகைக்கு உழுது வாழ்ந்து, 1561ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் காலமானவர். அவ்வூர் ஆவணங்களில் அவர் ஷேக்ஸ்பியர் என்பதோடு ஷாக்ஸ்டாஃப் என்றும், ஷேக்ஷாஃப்ட் என்றும் குறிக்கப்படுகின்றார். ஸ்டாஃப் என்பது கோல். ஷாஃப்ட் என்பது ஈட்டியின் தண்டு. இவற்றை எழுத்துப்பிழை என்று தள்ளிவிட இயலாது. எட்மண்ட் சேம்பர்ஸ் தொகுத்த எண்பத்து மூன்று எழுத்து வடிவங்களுள் மிகப் பலவும் ஓசையைப் பற்றிய வேறுபாடுகளே. இவையோ பொருளைப் பற்றிய பாடபேதங்கள். எழுதியவன், பெயரின் முற்பகுதியாகிய அசைத்தல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அசைக்கப்படும் பொருள் எது என்பதில் கவலையின்றி, ஈட்டிக்குக் கோலையும் கோலுக்குத் தண்டையும் மாற்றி எழுதியிருக்கின்றான். பெயரின் உயிர் ஈட்டியில் இருந்ததாயின் இம்மாற்றம் நிகழ்ந்திராது.

(இதே வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு, லங்காஷயரில் அலெக்ஸாண்டர் ஹோட்டன் என்பவர் 1581இல் எழுதிய மரணசாஸனத்தில் வரும் வில்லியம் ஷேக்ஷாஃப்ட் என்பவர் நம் கவியே என்று சாதித்த ஆராய்ச்சியாளர் உளர். ஷேக்ஷாஃப்ட் அந்நாட்டுப் புறத்தில் வழங்கிய பெயராதலின், அம்முடிவுக்குப் பெயரொற்றுமை மட்டும் போதாது.)

அங்ஙனமாயின் இழிவு யாது? இவ்விடத்தில் ஆதாரம் மிகவும் மெலிந்திருக்கின்றது. ஆணுறுப்பைச் சுட்டும் கொச்சைப்பொருள் இப்பெயரில் மறைந்திருப்பதாகச் சிலர் கருதுவர். அவ்வாறு இருத்தல் கூடாததன்று என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லற்கில்லை. கோலை வீசி மக்களை விலக்கியும் மிரட்டியும் வந்த சிறு உத்தியோகஸ்தனைக் குறித்தது என்பது மற்றொரு பட்சம். கைக்கோலையும் ஈட்டியையும் ஓங்கிக்கொண்டு சண்டைக்கு எழும் முரடனைக் குறித்தது என்பதே என் துணிபு. முறித்தலும் எறிதலும் குத்துதலும் போர்ச்செயல்கள். வெறுமே அசைத்தல் போருக்கு முன்னும் போருக்குப் புறம்பும் நிகழ்வது. வெற்றி பெற்ற வீரனைப் புகழக் கருதிய ஊரார், அவன் ஈட்டியை அசைத்தான் என்ற மட்டில் நிறுத்தியிருக்கமாட்டார்கள். பயமுறுத்தும் தோரணையை மட்டும் கண்டு இடப்பட்ட பெயராயின், அது இழிவாக எண்ணப்பட்டமை இயல்பே. சாக்‌ஷியம் கொண்டு இதனை ஸ்தாபிக்க என்னால் இயலவில்லை. எனினும் மூன்று பட்சங்களுள் மெர்ட்டன் குறிப்போடும் ஸ்னிட்டர்ஃபீல்ட் வடிவங்களோடும் ஒருங்கே பொருந்துவது இதுவே.

வீரப்பொருள் எப்பொழுது வந்து சேர்ந்தது? 1596ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், வில்லியம் டெதிக் என்ற விருததிகாரி, கவியின் தந்தையாராகிய ஜானுக்கு விருதுச்சின்னம் வழங்கினார்; பொன்னிறக் கேடயத்தில் குறுக்காகச் செல்லும் கரும்பட்டையின்மேல் ஓர் ஈட்டியும், மேலே ஈட்டி தாங்கிய வல்லூறும் அதில் அமைந்தன. பெயர் அங்கே சித்திரமாயிற்று. அச்சின்னத்தைச் சுதந்தரிக்க வேண்டிய ஒரே பேரனாகிய ஹாம்னெட்டைக் குடும்பத்தார் அதே ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் புதைத்திருந்தனர் என்பதை நினைக்குந்தோறும் மனம் உருகுகின்றது. வரைவுப் பத்திரம், ஜானின் முன்னோர் ஏழாம் ஹென்றி அரசரால் வீரச்சேவைக்காகச் சிறப்பிக்கப்பெற்றனர் என்கின்றது; முன்னோர் என்றதன்மேல் பாட்டன் என்ற திருத்தம் உள்ளது; 1599ஆம் ஆண்டு வரைவில் அவர் கொள்ளுப்பாட்டனாகிவிடுகின்றார். அத்தகைய அரச சன்மானத்தைக் குறிக்கும் ஏடு எதுவும் கிடைக்கவில்லை. ஏழாம் ஹென்றி அரசெய்திய ஆண்டு 1485. ஹ்யூ ஸாண்டர் பற்றிய குறிப்பின் ஆண்டு 1487. ஒரே அரசரின் ஆட்சியில் ஒரு ஷேக்ஸ்பியர் வீரத்துக்குப் பரிசு பெற்றதாகவும், மற்றொரு ஷேக்ஸ்பியர் பெயரின் இழிவைக் கருதி அதனைத் துறந்ததாகவும் இரு கூற்றுகள் நம் முன் நிற்கின்றன. இவற்றுள் அக்காலத்திலேயே எழுதப்பட்டது பின்னதுதான்.

1602இல் ரால்ஃப் புரூக் என்ற விருததிகாரி, தகுதியற்றோர்க்குச் சின்னங்கள் வழங்கப்பட்டன என்று குற்றஞ்சாட்டியபொழுது, டெதிக்கும் காம்டனும் கூறிய சமாதானத்தில் ஜான் ஸ்ட்ராட்ஃபர்டில் நீதிபரிபாலனம் செய்தமையும், ஆர்டன் குலத்துப் பெண்ணை மணந்தமையும், பொருள்வசதியும் பேசப்பட்டன. முன்னோரின் போர்வீரம் பேசப்படவில்லை. தேவைப்பட்ட நேரத்தில் அவ்வாதம் கைவிடப்பட்டது என்பதே அதன் வலிமையை அளந்துகாட்டும்.

கவிகளும் இதில் பங்குகொண்டனர். 1592இல் ராபர்ட் கிரீனின் பெயரால் வெளிவந்த நூலில் இப்பெயர் அரங்கை ஆட்டுபவன் என்ற பொருள்பட ஏளனமாகத் திரிக்கப்பட்டிருக்க, 1623ஆம் ஆண்டுத் தொகுதியின் முகப்புப் பாடலில் பென் ஜான்ஸன் அதே பெயரை, அறியாமையை எதிர்த்து உயர்த்திய ஆயுதமாக்கினார். 1662இல் வெளியான தாமஸ் ஃபுல்லரின் நூலில் லத்தீன் மொழிபெயர்ப்போடு போர்ப்பரம்பரையின் சாயலும் அதற்கு ஏற்பட்டுவிட்டது. ஏளனத்துக்கும் புகழுக்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் கவியின் கீர்த்தியே பெயரின் பொருளை மாற்றியது என்று கூறலாம். ஆயினும் விருததிகாரி கவிகளைப் பின்பற்றினாரா, கவிகள் விருதுச்சின்னத்தைக் கண்டு பாடினரா என்பதை இப்பொழுதுள்ள சான்றுகளால் தீர்மானித்தல் அரிது.

கவியின் ஆண்வழி அவரோடு முடிந்தது. பேத்தி எலிஸபெத் 1670இல் காலமாக, அவருடைய நேர்வழிச் சந்ததியே அற்றுப்போயிற்று. பெயரை மேற்கொண்டு தாங்கியவர்கள் வேறு கிளையினர். அவர்களுள், லண்டன் ஷாட்வெல்லில் கயிறு திரிக்கும் தொழில்செய்த ஜான் ஷேக்ஸ்பியரின் வழிவந்தோர், ஈற்றெழுத்தொன்றைக் குறைத்து எழுதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகங்களில் தலைமுறை தலைமுறையாக அமர்ந்தனர். 1840இல் கீவாவிலிருந்து ரஷ்ய அடிமைகளை விடுவித்து அழைத்துச்சென்ற ரிச்மண்ட் ஷேக்ஸ்பியரும், 1915இல் அராபியாவின் ஜராப் போரில் உயிர்நீத்த காப்டன் வில்லியம் ஷேக்ஸ்பியரும் போர்த்தொழிலர். இவர்களை வெர்ஸ்டெகனின் கொள்கைக்குச் சாட்சியாக நிறுத்துதல் முறையன்று. பெயர் தோன்றி அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தோரின் செயல், அதனை முதலில் இட்டவர்களின் கருத்தை உணர்த்தாது. ஷாட்வெல் குடும்பத்துக்கும் வார்விக் மாவட்டத்துக் குடும்பங்களுக்கும் உள்ள உறவு, அக்குலத்தவரே 1931இல் தம் வரலாற்றை எழுதிய பின்னரும், ஐயத்திற்கிடமானதாகவே இருந்துவருகின்றது.