இழுவை குறைந்தால் எங்கே தேடுவது?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. கலிபோர்னியாவின் லாங் பீச்சைச் சேர்ந்த மெர்ல் வில்லியம்ஸ், மின்கார் செய்யும் வித்தையை அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் கற்றார். 1951இல் அவருடைய மார்க்கெட்டியர் நிறுவனம் ரெட்லண்ட்ஸ் நகரில் கோல்ஃப் வண்டி தயாரிக்கத் தொடங்கியது. 1954இல் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் ஈ-இசட்-கோ பிறந்தது. கிளப் கார் நிறுவனமும் பிறகு அதே ஊருக்குக் குடிபெயர்ந்தது. மோட்டார் சைக்கிளுக்குப் பேர்போன ஹார்லி-டேவிட்சன்கூட 1963இல் இந்தத் தொழிலில் இறங்கியது.

வண்டிகள் பெருகின. ஏற்றத்தில் இழுக்காமல் திணறும் பழைய வண்டிகளும் பெருகின.

அந்தக் கால வண்டியின் இருக்கைக்கு அடியில் ஆறு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 36 வோல்ட் தரும். தொடர் இணைப்பு என்பது கைக்குக் கை தண்ணீர்க் குடம் மாற்றும் வரிசை போன்றது. ஒருவர் தளர்ந்தால் எல்லாரும் தளர வேண்டியதுதான். ஆனால் அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. வண்டி நிற்கும்போது மீட்டர் வைத்தால் ஆறு பேட்டரியும் நலமாகவே காட்டும். ஏற்றத்தில் மிதியை அழுத்தியபடி அளந்தால்தான் குட்டு உடையும்: ஐந்து பேட்டரிகள் 6 வோல்ட்டை ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் சரிந்துவிடும். ஹைட்ரோமீட்டர் இன்னும் நுட்பமாகச் சொல்லும். நன்றாக சார்ஜ் ஏறிய செல்லில் ஆசிடின் ஒப்படர்த்தி 1.265க்கு மேல் இருக்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த பேட்டரிக்கு ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம்.

பேட்டரி மீது பழி இல்லையென்றால் அடுத்த இடம் ரெசிஸ்டர் காயில்கள். தொடக்க கால வண்டிகளில் வேகம் படிப்படியாக ஏறும். மிதியை அழுத்த அழுத்த ஒவ்வொரு காயிலாக விலகி மோட்டாருக்குக் கூடுதல் மின்சாரம் போகும். மெதுவாக ஓடும்போது காயில்கள் கொதித்து, மின்சாரத்தில் பெரும்பங்கு வெறும் சூடாக வீணாகும். ஆனாலும் பழுதை மறைக்காத ஏற்பாடு அது. காயில் ஒன்று அறுந்தால் அதன் வழியே வரும் கீழ்வேகங்கள் செத்துவிடும். முழு மிதியில் மட்டும் வண்டி வெடுக்கென்று பாயும். ஓட்டுபவரின் பாதமே நோயைச் சொல்லிவிடும். இந்த வெளிப்படைத்தன்மைக்காகவே அந்த வண்டிகளை மதிக்கத் தோன்றுகிறது.

பின்னர் வந்த மின்னணு கன்ட்ரோலர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பின. வீணான சூடு போனது, படிகளும் போயின. கூடவே அவை காட்டிய அடையாளங்களும் போயின. பச்சை பூத்த கேபிள் முனை, தேய்ந்த கார்பன் பிரஷ், தீய்ந்த சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) என எதுவானாலும் வெளியே தெரிவது ஒன்றே: வண்டி இழுக்கவில்லை. மிதியை அழுத்தும்போது சொலினாய்டு ‘டக்’ என்று சத்தமிட்டும் வண்டி நகரவில்லையா? அதன் இரு பெரிய முனைகளுக்கிடையே மீட்டரை வைக்க வேண்டும். உள்ளே தொடுமுனை சேர்ந்திருந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். முழு வோல்ட்டேஜும் அப்படியே நின்றால் தொடுமுனை தீய்ந்துவிட்டது.

1995இல் கிளப் கார் 48 வோல்ட் வண்டிக்குள் ஒரு கணினியையே வைத்து, சார்ஜ் ஏற்றும் பொறுப்பையும் அதனிடம் ஒப்படைத்தது. அன்றுமுதல் பேட்டரியும் மோட்டாரும் நன்றாக இருந்தும் வண்டி களைத்துப்போக இன்னொரு காரணம் சேர்ந்தது: கணினி பழுதானால் சார்ஜரே தொடங்காது. பேட்டரி அடியோடு இறங்கினாலும் அதே கதிதான். அப்போது மெக்கானிக்குகள் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி சார்ஜர் போட்டுச் சிறிது உயிரூட்டி, பெரிய சார்ஜர் விழித்துக்கொள்ளும் அளவுக்கு வோல்ட்டேஜை ஏற்றிவிடுகிறார்கள்.