பிச்சாவரம் சொல்லும் பாடம்

கடலுக்கு அடியில் இருக்கும் பவளப்பாறைக்கும், கரையில் நடுகிற மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது!

பவளம் ஓர் உயிரினம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு அதற்கு உணவு தயாரிக்கின்றன. மழைநீரோடு வரும் மண் கடலைக் கலக்கினால் வெளிச்சம் குறையும். வண்டல் மேலே படிந்தால் பவளம் செத்துப்போகும். அந்த மண்ணை ஆற்று முகத்துவாரத்திலேயே வேர்களால் பிடித்து வைப்பவை அலையாத்தி மரங்கள்.

தமிழகத்தின் பவளப்பாறைகள் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் உள்ளன. அவை சென்னைக்கு வெகுதூரம். ஆனால், அலையாத்திக் காட்டை ஊர் மக்களே மீட்ட வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. அடையாற்றுக்குப் பக்கத்தில் தரமணியில் இருக்கிறது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1988ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் 1990களில் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் ஆய்வு செய்தது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்திருக்கும் காடு அது. அங்கே பல இடங்கள் பொட்டலாகிக் கிடந்தன. மாடு மேய்ப்பவர்களும் விறகு வெட்டுபவர்களும்தான் காரணம் என்று பழி சொல்லப்பட்டது. ஆய்வில் தெரிந்தது வேறு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்த முறைப்படி, காட்டைப் பகுதி பகுதியாக முழுவதும் வெட்டியிருக்கிறார்கள். நிழல் போனதும் ஈரம் வற்றி, நிலம் பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, உப்பு ஏறியது. அந்த மண்ணில் எந்தக் கன்றும் பிழைக்கவில்லை.

எனவே முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன் முள் போலச் சிறிய வாய்க்கால்கள். ஓதத்தில் நீர் ஏறி இறங்க, உப்பு குறைந்தது. பிறகு கரையோரங்களில் கன்றுகள் நடப்பட்டன. வனத்துறையோடு சேர்ந்து இதில் உழைத்தவர்கள் சுற்றுக் கிராமங்களின் மீனவர்களும் இருளர்களும். அதாவது, காட்டை அழித்ததாகப் பழி சுமந்த கிராமத்து மக்களே அதை மீட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கடலூர் மாவட்டத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று 2005ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.

சென்னையிலும் இதே போல ஒரு முயற்சி நடந்தது. குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டுக் கிடந்த அடையாறு உப்பங்கழியில் முதலில் அவற்றை அகற்றி, நீர்ப்பரப்பை அகலப்படுத்தி, அதன்பிறகே கன்றுகள் நட்டார்கள். அதில் 58 ஏக்கர் 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது.

மரம் நடும் விழாக்களில் எத்தனை கன்றுகள் என்பதையே எண்ணுகிறோம். அந்த இடத்துக்கு நீர் வருகிறதா, போகிறதா என்று பார்ப்பதில்லை. அங்கே காலம் காலமாக வாழ்பவர்களையும் கேட்பதில்லை. இந்த இரண்டையும் செய்யாமல் நடும் கன்று அடுத்த கோடைக்குள் பட்டுப்போகும். மண் வழக்கம்போலக் கடலுக்குத்தான் போகும்.